புல்லட் இன்ஜினை யார் கையில் கொடுப்பது?

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இன்ஜின்) புல்லட் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கிளட்ச் கேபிள் மாற்றுவது, டேப்பட் பார்ப்பது, பாயிண்ட் சுத்தம் செய்வதெல்லாம் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே முடித்துவிடுவார். இன்ஜினை முழுக்கப் பிரித்து, போர் அடித்து (தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் திறந்து, திரும்பக் கட்டுவது அப்படியல்ல. கட்டி மூடிய பிறகு உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று நம்மால் பார்க்க முடியாது. கேசிங் பளபளக்கும். கிக் அடித்ததும் ஸ்டார்ட் ஆகும். நல்ல வேலையும் மோசமான வேலையும் முதல் நூறு கிலோமீட்டருக்கு ஒரே சத்தம்தான் போடும்.

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். அப்பா எண்பதுகளில் வாங்கிய 350 இன்றும் ஓடுகிறது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. மேலே குன்னூர், ஊட்டி, கீழே மேட்டுப்பாளையம் என்று எல்லா ஓட்டமும் அதில்தான். ஆயில் குடிக்க ஆரம்பித்து, ஏற்றத்தில் இழுவையும் போனபோது, சமவெளியில் நல்ல பெயர் எடுத்த ஒரு பட்டறையில் கொடுத்தோம். வண்டி பார்க்க அழகாக வந்தது. "ரன்னிங்-இன்தானே, அப்படியே மெதுவா ஓட்டிட்டே மேல போயிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். (ரன்னிங்-இன் என்றால் புதிதாகக் கட்டிய இன்ஜின் படியும்வரை நிதானமாக ஓட்டும் காலம்.) மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏற வேண்டும். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இறுகி நின்றது. இன்ஜின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது.

அந்தப் பட்டறையில் "நீங்க அடிச்சு ஓட்டியிருப்பீங்க" என்றார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அவர்கள் வைத்த இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். ஒரு எண்கூடச் சொல்லத் தெரியவில்லை. எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை.

குன்னூர் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைக் கழற்றி மாட்டியே வாழ்நாளைக் கழித்தவர். அவரிடம் அந்த பிஸ்டனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் பக்கவாட்டில் நான்கு இடங்களில் தேய்ந்து இழுத்த கோடுகள் இருந்தன. கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இது ஆயில் இல்லாம பிடிச்சது இல்ல. பிஸ்டனுக்கு விரிய இடமில்ல. டைட்டா போட்டிருக்காங்க, ஏத்தத்துல சூடாகி பிடிச்சிருக்கு."

அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் அடுத்த தேர்வுக்கு எனக்கு அளவுகோலாக இருந்தது. ரயில்வேயில் தேய்மானம் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் கண்டெம்னிங் லிமிட் என்று ஓர் எண் உண்டு. அதைத் தாண்டித் தேய்ந்துவிட்டால் அந்தப் பாகத்தைக் கழித்துப் போட வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று யாரும் சொல்ல முடியாது. "யார்கிட்ட கொடுத்தாலும் இது ஒண்ணைக் கேளு. எந்த அளவுக்கு மேல போனா தூக்கிப் போடுவீங்கன்னு கேளு. அளவே சொல்லாம, கையால ஆட்டிப் பார்த்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவன்கிட்ட கொடுக்காத."

இந்தக் கேள்வியோடு கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி என்று பல பட்டறைகளுக்குப் போனேன். பெரும்பாலான இடங்களில் முதலில் காட்டியது போனில் இருக்கும் படங்களைத்தான். குரோம் போட்ட கேசிங், பெயிண்ட் அடித்த டேங்க், சைலன்சர் சத்தத்தோடு வீடியோ. வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் இன்ஜின் உள்வேலையைப் பற்றி அந்தப் படங்கள் எதையும் சொல்லவில்லை. இரண்டு இடங்களில், நான் வாய் திறப்பதற்குள்ளேயே, "350-ஐ 500 ஆக்கிடலாம், மலைக்கு செம இழுவை இருக்கும்" என்று ஆரம்பித்தார்கள். சிசி கூட்டுவது வெறும் பிஸ்டன், பேரல் (சிலிண்டர்) மாற்றும் வேலை அல்ல. கூடுதல் அடியைத் தாங்க, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட், அதன் கீழ்முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங், கிராங்க் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆர்சி புத்தகத்தில் 346 என்று இருக்கும் வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கேட்கப் போகும் இடத்தில் என்ன பதில் சொல்வது? அந்த இரண்டு பட்டறைகளும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது மேட்டுப்பாளையத்தில் போர்டுகூட இல்லாத ஒரு சின்னப் பட்டறை. அங்கே இருந்த அண்ணன் விலை பேசுவதற்கு முன்னால் என்னைத்தான் கேள்வி கேட்டார். "வண்டி எங்கீங்க ஓடுது? டபுள்ஸ் போவீங்களா? மாசத்துல எத்தனை தடவை கீழ இறங்குவீங்க? இறங்கும்போது கியர்ல இறங்குவீங்களா, நியூட்ரல்ல விடுவீங்களா?" போன ரீபோர் எத்தனை தௌ என்று கேட்டார். (தௌ என்றால் ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறைகளில் எல்லாம் அந்தக் கணக்குதான்.) கடைசியாக, "உங்களுக்கு என்ன வேணும்? வேகமா, இழுவையா?" என்றார்.

இழுவை என்றேன். "அப்ப முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு குறைச்சுப் போட்டுப் பாருங்க. இன்ஜினைப் பெருசாக்க வேண்டாம். மேல் வேகம் கொஞ்சம் குறையும், மலையில உங்களுக்கு அது எதுக்குங்க" என்றார். ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கக்கூடிய வேலையைச் சில நூறு ரூபாய் சாமானில் முடித்துவிடலாம் என்று சொன்ன மனிதர் அவர். அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

மலைக்காரர்கள் எல்லோரும் கேட்டே ஆக வேண்டிய இன்னொரு சங்கதி காற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கம்ப்ரஷன் கேஜை வைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கிக் அடித்துப் பார்க்கிறோம். கோவையில் 100 பிஎஸ்ஐ காட்டும் அதே இன்ஜின் ஊட்டியில் 80 பக்கம்தான் காட்டும். இன்ஜினில் குறை எதுவும் இருக்காது. உள்ளே போகும் காற்றே குறைவு. இது தெரியாமல், "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று சொல்லி நல்ல இன்ஜினைப் பிரித்த கதை இங்கே நிறைய உண்டு. தெரிந்தே சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் யாராவது கம்ப்ரஷன் எண்ணைச் சொன்னால், எந்த ஊரில் எடுத்தது என்று கேளுங்கள். மேட்டுப்பாளையத்து அண்ணன் நான் கேட்காமலே, "இது கீழ எடுத்த அளவு, மேல போய் எடுத்தா குறையும், பயந்துக்காதீங்க" என்றார்.

காற்று குறைந்தால் பெட்ரோல் பங்கு தானாகக் கூடிவிடும். சமவெளியில் செட் செய்த கார்புரேட்டர் ஊட்டியில் ரிச்சாக எரியும். பிளக் கறுத்துக் கரி பிடிக்கும், கறுப்புப் புகை வரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் புது ரிங் உட்கார வேண்டிய முதல் சில நூறு கிலோமீட்டரில் இது நடந்தால் ரிங் ஒழுங்காகப் படியாது. அந்த அண்ணன், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட்டில் சின்னது ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். மேலே போய்ப் போட்டு ஓட்டி, பிளக் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். அதே ஜெட்டோடு கீழே இறங்கி வேகமாக ஓட்டினால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் பங்கு குறைந்து) இன்ஜின் சூடேறும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இனி அளவு விஷயம். இன்ஜின் கட்டுபவரும் போர் அடிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மெக்கானிக் பிரித்து, பேரலை லேத் பட்டறைக்கு அனுப்புவார். நீலகிரியில் பிரிப்பவர்கள் நிறையப் பேர். நல்ல போரிங், ஹோனிங் (கடைந்த சுவரைத் தேய்த்து முடிக்கும்) மெஷினுக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் எந்த லேத் பட்டறை என்று கேட்டு அங்கேயும் ஒரு முறை போய் நின்று பாருங்கள். நான் போனேன். பார்த்தது இவ்வளவுதான்: பிஸ்டனை வாங்கி மேசையில் வைத்து, மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் போர் ஆரம்பித்தார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். "முப்பது தௌ ஓவர்சைஸ்" என்று டப்பாவில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு துளி மாறும். பிஸ்டன் கையில் இல்லாமல் பேரலை மட்டும் அடித்து வைத்தால் இடைவெளி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் வைத்துப் பார்த்தார்கள். பேரல் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். கடைசியில் ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு தெரிந்தன. ஆயில் தங்குவதும் ரிங் படிவதும் அந்தக் கோடுகளால்தான். கண்ணாடி மாதிரி வழவழப்பாக முடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

காஸ்ட் அயர்ன் புல்லட் கிராங்க் இரண்டு ஃப்ளைவீல்களை கிராங்க் பின்னில் சேர்த்து நட் போட்டு இறுக்கியது. பிக் எண்ட் மாற்ற வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். திரும்பச் சேர்த்தபின் இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று சென்டரில் மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, தாமிரச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. சுருக்கமாக முடிக்கிறவர்கள் இங்கேதான் முடிப்பார்கள், ஏனென்றால் வெளியே தெரியாது. வைப்ரேஷன் வந்தால் "புல்லட்னா அப்படித்தான்" என்று சொல்லிவிடலாம். எனக்காக அந்த அண்ணன் கிராங்கைச் சுற்றிக் காட்டினார். முள் எவ்வளவு ஆடுகிறது என்று என் கண்ணாலேயே பார்த்தேன். நீங்களும் இன்ஜினை மூடுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள். "மூடும்போது வந்து பார்க்கலாமா" என்று கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வண்டியோடு ஒரு தாள் கொடுத்தார். பழைய நோட்டுப் புத்தகத்தில் கிழித்தது, பால்பாயிண்ட் பேனா எழுத்து. பிஸ்டன் அளவு, போர் அளவு, இடைவெளி, ரிங் கேப், வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் குழல்) இடைவெளி, கிராங்க் ஆட்டம், எந்தெந்த பேரிங் மாற்றியது, எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை. இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது, "பிஸ்டன் கம்பெனிக்காரன் இவ்வளவுல இருந்து இவ்வளவு வரைக்கும்னு கொடுத்திருக்கான். நீங்க மலை ஏறுறவங்க, அதனால அதிகமான பக்கம் வெச்சிருக்கேன். ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் லேசா தட்டும், சூடானா போயிடும்" என்றார். ஒருவரின் ஓட்டத்துக்குத் தகுந்தபடி இன்ஜின் கட்டுவது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குரோமும் சிசியும் அதற்குப் பிறகு வரட்டும்.

கழற்றிய பழைய சாமான் எல்லாம் ஒரு சாக்குப்பையில் திரும்ப வந்தது. இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பழைய பாகம் திரும்பக் கைக்கு வரும் என்று தெரிந்தால், மாற்றாததை மாற்றியதாக பில் போட முடியாது. புதுப் பாகங்களை டப்பாவோடு வாங்கிப் பாருங்கள். காஸ்ட் அயர்ன் இன்ஜின் உற்பத்தி நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நல்ல சாமானும் லோக்கல் சாமானும் ஒரே கடையில், ஒரே மாதிரி டப்பாவில் கிடைக்கும். பாகங்களுக்கு நானே கடையில் நேராகப் பணம் கொடுத்தேன். அவருக்குக் கூலி மட்டும். கணக்கு சுத்தமாக இருந்தது, இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை.

யாரிடம் விசாரிப்பது என்பதும் முக்கியம். போன மாதம் இன்ஜின் கட்டியவரைக் கேட்டுப் பயனில்லை, அவர் சந்தோஷமாகத்தான் இருப்பார். இரண்டு வருடம் ஓட்டியவரைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் மலையில் தினமும் ஓட்டுபவராக இருந்தால் நல்லது. எனக்குக் கிடைத்தவர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், மழையோ பனியோ தினமும் வண்டி எடுத்தே ஆக வேண்டியவர். அவர் புகழ்ந்தெல்லாம் பேசவில்லை. "ஒரு தடவை ஆயில் லீக் ஆச்சு, கொண்டுபோனேன், காசு வாங்காம திரும்பப் பிரிச்சுப் பார்த்தாரு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. குறையே வராத பட்டறை எங்கும் கிடையாது, குறை வந்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வண்டியை மேலே கொண்டுவந்தது டாடா ஏஸில். அது அவர் போட்ட நிபந்தனை. புது பிஸ்டனோடு முதல் ஓட்டமே மலை ஏற்றமாக இருக்கக் கூடாது என்றார். கிளம்பும் முன், ஹெட்டில் வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, இன்ஜின் ஓடும்போது ஆயில் கசிந்து வருவதைக் காட்டினார். ஆயில் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை. முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் திரும்ப வரச் சொன்னார். ஆயில் மாற்றி, ஹெட் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, டேப்பட் பார்த்தார். இந்த வேலைக்குத் தனிக் கூலி கேட்கவில்லை, முதலில் சொன்ன தொகையிலேயே அடக்கம். இன்ஜின் கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் இந்தத் தேதியைப் பற்றிப் பேசவே மாட்டார்.

புகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் மலையில் இதில்தான் குழப்பம் அதிகம். மார்கழி, தை மாதக் காலையில் சைலன்சரில் வெள்ளையாக வருவது பெரும்பாலும் நீராவி. குளிருக்கு வருவது, சூடானதும் நின்றுவிடும். அதைக் காட்டி யாராவது ரிங் போச்சு என்றால் நம்பாதீர்கள். நீலப் புகைதான் ஆயில். அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இங்கிருந்து குஞ்சப்பனை வரை கியரிலேயே, த்ராட்டில் மூடி இறங்குங்கள். அப்படி இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி ஆயிலை உறிஞ்சும். கீழே சமதளம் வந்ததும் த்ராட்டிலைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் குப்பென்று நீலம் வந்தால் முதலில் வால்வ் கைடைச் சந்தேகப்படலாம். ஏறும்போதும் விடாமல் வந்தால் ரிங், போர். சமவெளிக்காரர்களுக்கு இந்தச் சோதனை வாய்க்காது, நமக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப வாங்கி வந்த புதிதிலேயே செய்துவிட்டு, பார்த்ததை அந்த அளவுத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

வண்டியைக் கொடுக்கும் முன் இன்ஜின் நம்பரைப் போட்டோ எடுத்து, திரும்ப வாங்கும்போது ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் ஜோடியாகக் கடைந்தவை, நம்பரும் அதில்தான் அடித்திருக்கும். உடைந்த கேஸுக்குப் பதில் வேறு வண்டியின் கேஸ் போட்டுக் கொடுத்தால், நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், ஆர்டிஓ ஆபீஸில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாம்தான்.

அவசரப்படுத்தவும் கூடாது. அந்த அண்ணன் ஒரு நேரத்தில் ஒரு இன்ஜினைத்தான் மேசையில் பிரித்து வைப்பார். சாமான் கலந்துவிடும் என்பது அவர் பயம். அதனால் காத்திருக்க வேண்டும். சீசனில், ஏப்ரல், மே மாதத்தில் போய் நின்றால் இடம் கிடைக்காது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் மண் சரிந்து கிடக்கும், வண்டியை நாமே எடுக்க யோசிப்போம். இன்ஜின் கொடுக்க அந்த மாதங்கள்தான் வசதி. புரட்டாசியிலேயே போன் செய்து பெயரைச் சொல்லி வையுங்கள்.